மெட்ராஸ் பல்லுவலி

"அது சரி அண்ணாச்சி, எதுக்கு மெட்ராசு?" என்று ராஜகுரு கேட்டார்.

சந்தனம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தப்பு அவருடையதுதான். பக்கத்துக் கடையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிற ராஜகுரு, சாமான் வாங்க அடிக்கடி மதுரைக்குப் போகிறவர். போகிற மனுசர் அப்படியே ரயில்வே ஸ்டேஷனில் மெட்ராசுக்கு ரெண்டு டிக்கெட் ரிசர்வ் பண்ணிவிட்டு வரட்டுமே என்று நினைத்துச் சந்தனம் கேட்டுவிட்டார். திருச்சுழியில் ஒருவன் கோயிலுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போகலாம். காரணம் இல்லாமல் மெட்ராசுக்குப் போக முடியாது.

"கடைக்குச் சரக்கு எடுக்கவா?"

'ஆமா' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், 'நானும் வாரேன், எனக்கும் சரக்கு எடுக்கணும்' என்பார்.

"இல்ல... பல்லு" என்றார் சந்தனம்.

"பல்லா?"

"பல்லுவலி."

"அருப்புக்கோட்டையில ஒரு நிமிசத்துல புடுங்கி விட்டுருதாகளே. அதுக்கா மெட்ராசு?"

"இது உள்பல்லு."

"எல்லாப் பல்லும் உள்ளதான அண்ணாச்சி இருக்கு? எங்க, ஆ காட்டுங்க."

கண்ணில் இடுக்கியிருந்த லென்சை எடுக்காமலேயே ராஜகுரு எழுந்து வந்து, சந்தனத்தின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டாத்தான் ஓடிக்கிட்டிருக்கு" என்றார்.

"வேருல" என்றார் சந்தனம், வாயை மூடாமல்.

உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது என்பதில்லை. சொன்னால் யாருக்கும் புரியாது. சந்தனத்துக்கும் சுந்தராம்பாளுக்கும் குழந்தை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஊரைவிட்டு வெளியே போனதெல்லாம் அதைக் கேட்பதற்காகத்தான். ராமேஸ்வரத்தில் கேட்டார்கள். மதுரையில் டாக்டரம்மாவிடம் கேட்டார்கள். நாகர்கோவில் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்றார்கள். அங்கேயும் போய்க் கேட்டார்கள். தலைமுடியில் நரை எட்டிப் பார்த்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தத் தை மாதத்தில் ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்கு வந்த சந்தனத்துக்குச் சோறு போட்டுக்கொண்டே சுந்தராம்பாள் சொன்னாள்:

"ஒரே ஒரு தடவ எங்கயாச்சும் போயி, யாருகிட்டயும் எதுவும் கேக்காம வரணும்னு இருக்குங்க."

சந்தனம் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "மெட்ராசுக்குப் போவமா? மூணு நாளு. கடலு பாப்போம். எலெக்ட்ரிக் ரயில்ல ஏறுவோம்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

சுந்தராம்பாள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்காகவே போயாக வேண்டும் என்று சந்தனம் முடிவு செய்துவிட்டார்.

ஆனால் ஊருக்குத் தெரிந்தால் வம்பு. 'புள்ளையா குட்டியா, உங்களுக்கென்ன' என்று சொல்லிக்கொண்டே சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும், வீட்டுச் சாவிகளையும், சில சமயம் ஆட்டுக்குட்டிகளையும் அவர்களிடம் விட்டுவிட்டுப் போவது வழக்கம். ஒரு சித்திரை மாதம் ரெண்டு பேரும் மதுரைப் பொருட்காட்சிக்குக் கிளம்பினார்கள். பஸ் காரியாபட்டியைத் தாண்டுவதற்குள், பாதி பஸ் தங்கள் சொந்தக்காரர்கள்தான் என்று தெரிந்தது. பொருட்காட்சியில் அன்று முழுக்கச் சந்தனம் தொலைந்துபோன பிள்ளைகளைத் தேடினார். சுந்தராம்பாள் கிடைத்த பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டாள்.

ஆகவேதான் பல்லுவலி.

ராஜகுரு டிக்கெட்டோடு திரும்பி வந்தார். பல்லுச் செய்தி அதற்கு முன்பே சாயந்தர பஸ்ஸில் ஏறிப் பரளச்சிக்குப் போய்விட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சந்தனத்தின் அக்காள் மாயக்காள் வந்து இறங்கினாள்.

மாயக்காளுக்குப் பரளச்சியில் பெரிய சம்சாரம். நாலு பிள்ளைகள், மாடு கன்றுகள், மிளகாய்த் தோட்டம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாமியார். அந்த அம்மாள் மருமகளை அருப்புக்கோட்டைக்குக்கூட லேசில் அனுப்பாது. "மொளகா காயுது, யாரு பாக்குறது?" என்று கேட்கும். மிளகாய் காயாத நாளில், "மொளகா காயப் போடணும், யாரு போடுறது?" என்று கேட்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மாயக்காள் ஒரு பல்லுவலிக்காகக் கிளம்பி வந்திருக்கிறாள் என்றால் சும்மாவா?

வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"பல்லுவலிக்கு ரெண்டு பேருமா போறீக?"

"தொணைக்குப் போறேன் மதினி" என்றாள் சுந்தராம்பாள்.

"பல்லப் புடுங்க மூணு நாளா?"

"வலி காதுக்கு ஏறிருச்சு மதினி."

அதே நேரத்தில் சந்தனம், "தலைக்கு" என்றார்.

ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"காது வழியா... தலைக்கு" என்று சேர்த்து வைத்தாள் சுந்தராம்பாள்.

"எந்தக் காது?" என்றாள் மாயக்காள்.

சந்தனம் வலது காதைத் தொட்டார். "எடது காது" என்றாள் சுந்தராம்பாள்.

மாயக்காள் தம்பியின் ரெண்டு காதுகளையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சுந்தராம்பாளின் முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி தம்பி, நான் வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அவள் போனது அதுதான் முதல் தடவை.

"நம்பிட்டாக" என்றார் சந்தனம்.

மறுநாள் முடி வெட்டிச் சவரம் செய்துகொள்ளப் போனார். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "ஆபரேசன் என்னைக்கு மொதலாளி?" என்றார்.

"என்ன ஆபரேசன்?"

"மறைக்காதீக. தலைக்குள்ள கட்டியாம்ல. நெல்லிக்காத் தண்டி." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து அளவு காட்டினார். "இன்னைக்கு முடியக் கொஞ்சம் பாத்து வெட்டுறேன்."

சந்தனம் வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு பையில் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில். கடை வாசல் எல்லைக்காகச் சந்தனத்தோடு பேச்சை விட்டிருந்த எதிர்வரிசை முனீஸ்வரன்கூட வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது வீதிக்கு நீண்டிருந்த தன் கடைப்பலகையை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"எல்லாம் அந்த ராஜகுரு வேல. பல்லுன்னு சொன்னத நெல்லிக்கா ஆக்கிட்டாரு" என்றார் சந்தனம்.

"பேசாம உண்மையச் சொல்லிருவமா?"

"முனீஸ்வரன் அழுததுக்கப்புறமா? அந்தாளு பலகைய மறுபடி வெளிய இழுத்துருவாரு."

தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகச் சந்தனம் அன்று சாயந்தரம் கடைவீதியில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். டீக்கடையில் உட்கார்ந்து வடையும் பஜ்ஜியும் எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகக் கேட்டு வாங்கித் தின்றார். கண்டதற்கெல்லாம் சிரித்தார்.

"போற நேரத்துல எப்படிச் சிரிக்காரு பாரு. யாருக்குய்யா வரும் இந்தத் தைரியம்?" என்று டீ ஆற்றுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாயக்காள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் ஒரு டிரங்குப் பெட்டி. பின்னால் அவள் புருசன் வெள்ளத்துரை, தோளில் ஒரு பையோடு. வெள்ளத்துரை பேசமாட்டார். பேச வேண்டியதை எல்லாம் மாயக்காளே பேசிவிடுவதால் அவருக்கு வேலை இருந்ததில்லை.

"நாங்களும் வாரோம்" என்றாள் மாயக்காள்.

சுந்தராம்பாளின் முகம் சுருங்கிப்போனதைச் சந்தனம் பார்த்தார்.

"எதுக்கு மதினி உங்களுக்குச் செரமம்? புள்ளைகள விட்டுட்டு..."

"புள்ளைக எங்க போயிரும்? அப்பத்தாகிட்ட கெடக்கும். எங்க மாமியாரே சொல்லிருச்சு. 'ஒரே தம்பி உசுருக்குப் போராடுறான், மொளகா காஞ்சா என்ன காயாட்டி என்ன, போயிட்டு வாத்தா'ன்னு கையில விபூதி குடுத்து விட்டுச்சு."

"டிக்கெட் கெடைக்காதேக்கா. எல்லாம் முடிஞ்சு போச்சாம்" என்றார் சந்தனம் அவசரமாக.

வெள்ளத்துரை சட்டைப் பையிலிருந்து ரெண்டு டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். அதே ரயில். அதே பெட்டி.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பாதித் திருச்சுழி நின்றது. சந்தனத்தின் நெற்றியில் விபூதிக்கு மேல் விபூதியாகப் பூசி, புருவம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். கண்டக்டர் முன் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார். டிரைவர் அருப்புக்கோட்டை வரை ஒரு பள்ளத்தில்கூட வேகமாக இறக்கவில்லை. வழியெல்லாம் வெயிலில் காய்ந்து கிடந்த கொத்துமல்லிக் காட்டைப் பார்த்தபடி சுந்தராம்பாள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தாள்.

மதுரையில் ரயில் ஏறியதும் மாயக்காள் தம்பியைக் கீழ் பெர்த்தில் படுக்க வைத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டாள். திண்டுக்கல்லில் பிரியாணி வாசம் வந்தது. வெள்ளத்துரை நாலு பொட்டலம் வாங்கினார். "நோவாளிக்கு ஆகாது" என்று அவருக்கு ரசஞ்சோற்றைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, அவர் பங்குப் பொட்டலத்தைப் புருசனோடு பங்கு வைத்துக்கொண்டாள். சுந்தராம்பாள் தன் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டுக் கறியை விரலுக்குள் மறைத்து, போர்வையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து, அவர் வாயில் வைத்தாள்.

"மெல்லாதீக, மதினி பாக்கும்."

"மெல்லாம எப்படிப் புள்ள முழுங்குறது?"

அந்தப் பயணத்தில் அவர்கள் தனியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். எழும்பூரில் லாட்ஜுக்குப் போனதும் மாயக்காள் அறைகளைப் பிரித்தாள். "நோவாளிக்கு ஆம்பளத் தொணைதான் தோது. பொம்பளைக ரெண்டு பேரும் ஒரு ரூம்புல இருந்துக்கிடுறோம்." மெட்ராசில் பொண்டாட்டியோடு சும்மா இருக்க வந்த சந்தனம், வாயே திறக்காத மச்சானோடு ஒரு அறையில் இருந்தார்.

விடிந்ததும் நாலு பேரும் ஆட்டோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சந்தனத்துக்கே தெரியாது. "பெரிய ஆஸ்பத்திரி" என்று சொன்னார். ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டார். நாள் முழுக்க வரிசையில் நின்று, நல்ல தலையை யாரோ ஒரு டாக்டரிடம் காட்டித்தான் தீர வேண்டும் போலிருக்கிறது என்று அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் மாயக்காள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு மருந்து வாட ஒத்துக்கிடாது தம்பி. கொமட்டுது. நாங்க லாட்ஜுல போயி முடங்கிக் கெடக்கோம். நீங்க ஒவ்வொண்ணா நெதானமாப் பாத்துட்டு வாங்க. பொழுதடைய வந்தாப் போதும். அவசரமே இல்ல."

ஆட்டோ திரும்பிப் போனது. சந்தனமும் சுந்தராம்பாளும் முன் கேட் வழியாக உள்ளே போனார்கள். மருந்து வாங்கும் வரிசையைத் தாண்டி, துணி காயப்போட்டிருந்த ஒரு முற்றத்தைத் தாண்டி, பின் கேட் வழியாகத் தெருவுக்கு வந்தார்கள். வந்ததும் சுந்தராம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்தனம் ஒரு குழாயைத் தேடிப்பிடித்து நெற்றி விபூதியைக் கழுவினார்.

"பொழச்சிட்டேன்" என்றார்.

எலெக்ட்ரிக் ரயிலில் ஏறி தாம்பரம் வரை போனார்கள். தாம்பரத்தில் ஒரு வேலையும் இல்லாததால் அதே ரயிலில் திரும்பினார்கள். ஒரு ஓட்டலில் மசால் தோசை சாப்பிட்டார்கள். வேறு யார் தட்டிலும் எதையும் பிய்த்து வைக்க வேண்டியிருக்கவில்லை. சுந்தராம்பாள் தன் தோசையை முழுசாக, சூடாக, தானே தின்றாள். "இன்னொண்ணு சொல்லட்டா?" என்றார் சந்தனம். வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போனார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து, தண்ணீர் ஓரத்தில் நின்றார்கள். ராமேஸ்வரத்தில் சுந்தராம்பாள் கடலைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு கும்பிடத்தான் பொழுது இருந்தது. இங்கே கண்ணைத் திறந்தபடி நின்றாள். அலை வந்து காலைத் தொட்டது. விரலுக்கடியிலிருந்து மணலை இழுத்துக்கொண்டு போனது. அவள் சந்தனத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கேட்ட?" என்றார் சந்தனம்.

"எதுவும் கேக்கல."

"நெசமாவா?"

"பழக்க தோசத்துல வாய்வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

சந்தனம் கடலைப் பார்த்துக்கொண்டே அவள் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். திருச்சுழியில் அப்படிச் செய்ததில்லை. இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 

"பாவம் மதினி" என்றாள் சுந்தராம்பாள். "நமக்காகப் புள்ளைகள விட்டுட்டு வந்து, அந்த ரூம்புல அடஞ்சு கெடக்காக. நெனச்சா எனக்குச் சங்கடமா இருக்கு."

"எனக்குந்தான். நேத்து ராத்திரி மச்சான் நான் தூங்குறேன்னு நெனச்சு ரெண்டு தடவ போர்வைய இழுத்துப் போத்திவிட்டாரு."

"ஏதாச்சும் வாங்கிட்டுப் போவோம்."

சுண்டல் விற்கிறவனைக் கூப்பிட்டு ரெண்டு பொட்டலம் வாங்கினாள். வாங்கி மடியில் வைக்கும்போது, கொஞ்ச தூரத்தில் ஒரு பொம்பளையின் கூச்சல் கேட்டது. பயந்த கூச்சல் இல்லை. குற்றாலத்தில் அருவிக்கடியில் நிற்கிறவர்கள் போடுகிற கூச்சல்.

"ஆத்தாடீ! அந்தா வருது, அந்தா வருது! பெருசு!"

சந்தனம் திரும்பி, குரல் வந்த பக்கம் நடந்தார். அந்தக் குரலை அவர் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முழங்கால்வரை சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, கண்ணில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மாயக்காள் அலையைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய வெள்ளத்துரை ஒரு கையில் ரெண்டு ஜோடிச் செருப்பையும் மறு கையில் பாதி தின்ற மக்காச்சோளத்தையும் பிடித்தபடி, பொண்டாட்டியை வாய் நிறையப் பல்லாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்தில்கூட ஒரு சங்கு மாலை இருந்தது.

அடுத்த அலைக்காகத் திரும்பிய மாயக்காளின் கண்ணில் தம்பி பட்டார். அவள் குதிக்க மறந்தாள். அலை அவளைத் தூக்கிக் கரையில், அவர் காலடியில் உட்கார வைத்துவிட்டுப் போனது.

 சந்தனத்தின் கை தானாகப் போய்த் தாடையைப் பிடித்தது. சுந்தராம்பாள் சுண்டல் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

"டாக்டருதான்... கடக்காத்து நல்லதுன்னாரு" என்றார் சந்தனம்.

"கொமட்டலுக்கும் அதான் நல்லதாம்" என்றாள் மாயக்காள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். முந்தானையும் நனைந்திருந்ததால் அது துடைபடவில்லை. சந்தனம் அக்காளின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் இவ்வளவு வெட்கத்தை அவர் கண்டதில்லை. கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தார், வரவில்லை. சுந்தராம்பாள் குனிந்து மாயக்காளின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அவள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"ஏன்க்கா இப்படி? என் தலைக்குள்ள இந்த ராஜகுரு நெல்லிக்காய உருட்டி விட்டுட்டாருன்னு நான் அந்தாளைத் திட்டிக்கிட்டிருக்கேன். இதுல நீங்க வேற..." என்று ஆரம்பித்த சந்தனம், அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளத்துரை மக்காச்சோளத்தை இறக்கினார். தொண்டையைச் செருமினார். ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"வெறும் பல்லுவலின்னா எங்காத்தா எங்கள வெளிய விட்டுருமா மாப்ள? தலைக்குள்ள நெல்லிக்காத் தண்டி கட்டின்னு அன்னைக்கே ஊருபூராச் சொல்லிட்டு பஸ் ஏறுனதே ஒங்கக்காதான்!"